அரசைக் குறைகூறலாம், கைப்பேசியில் புலிக்கொடி வைத்திருக்கலாமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், லயத்து வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) மாற்றாகச் சொந்த வீடு வராததைப் பற்றி முகநூலில் எழுத நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். அதே கைப்பேசியிலிருந்து விடுதலைப் புலிகளின் புலிக்கொடிப் படத்தைப் புலன (வாட்ஸ்அப்) குழுவுக்குத் தயங்காமல் அனுப்புகிறார்கள். உண்மையான ஆபத்து பின்னதில்தான் பெரிது.

கூட்டரசு அரசமைப்பின் 10ஆவது விதி பேச்சுரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையுடன் வாழும் நம் முதியவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர்கள் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்குவதைத் தடைசெய்ய 1971 முதல் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அதே 1948இல் பிறந்தது, அரசின் மீதோ ஆட்சியாளர்கள் மீதோ வெறுப்பைத் தூண்டும் பேச்சையும் எழுத்தையும் தண்டிக்கும் தேச நிந்தனைச் சட்டம். முதல் குற்றத்துக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அரசின் தவறுகளையும் குறைகளையும், அவை திருத்தப்பட வேண்டும் என்ற நோக்கத்தில் சுட்டிக்காட்டுகிறது என்பதற்காக மட்டும் ஒரு பேச்சோ எழுத்தோ நிந்தனையாகாது என்று அச்சட்டத்தின் 3ஆவது பிரிவே கூறுகிறது. எனவே வீட்டுப் பிரச்சினையைத் தாராளமாக எழுதுங்கள்; வசைச்சொல்லையும் இன இழிவையும் தவிருங்கள். மிகவும் புண்படுத்தும் இணையப் பதிவுக்கு, தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின்கீழ், 2025 பிப்ரவரி முதல் அபராத உச்சவரம்பு 500,000 ரிங்கிட்.

சின்னங்களின் நிலை வேறு. விடுதலைப் புலிகள் இயக்கத்தை மலேசியா 2014 நவம்பரில் பயங்கரவாத இயக்கப் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய இயக்கத்தோடு தொடர்புடைய கொடி, சின்னம், வெளியீடு, காணொளி ஆகியவற்றை வைத்திருப்பதே, குற்றவியல் சட்டத்தின் 130ஜேபி பிரிவின்படி, ஏழாண்டு வரை சிறைக்கு இட்டுச் செல்லக்கூடும். விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்ற சந்தேகத்தில், 2019 அக்டோபரில் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் கைதானார்கள். தண்டனை கிடைக்கும் வாய்ப்பில்லை என்று கூறி, சட்டத்துறைத் தலைவர் 2020 பிப்ரவரியில் வழக்குகளைக் கைவிட்டார். குற்றம் நிரூபிக்கப்படாமலே அவர்கள் காவலில் இருக்க நேர்ந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். வழக்குகள் கைவிடப்பட்டதால் 130ஜேபி பிரிவு நீங்கிவிடவில்லை. ஈழத்தில் மாண்டவர்களுக்காக அழுவது குற்றமன்று. அந்த அஞ்சலிக்குக் கொடிப் படம் தேவையுமில்லை.

இத்தகைய கைதுகளுக்குப் பயன்படும் சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் 28 நாள் வரை போலீஸ் காவலுக்கு இடம் தருகிறது. அரசியல் நம்பிக்கைக்காகவோ அரசியல் செயல்பாட்டுக்காகவோ மட்டும் ஒருவரைக் கைதுசெய்யக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் 4ஆவது பிரிவில் உள்ளது. கைதைக் குடும்பத்தாருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞரைச் சந்திப்பதை மட்டும் 48 மணி நேரம் வரை தள்ளிவைக்க முடியும். ஆகவே போலீஸ் வீட்டுக்கு வந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் கைது, எந்த நிலையத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள் என்று கேட்டு, அதிகாரியின் பெயரோடு ஒரு தாளில் எழுதி வைத்து, வழக்கறிஞரிடம் அதை முதலில் கொடுங்கள்.