பியர் ராபின் தொடர்விளைவு

பச்சிளங்குழந்தையின் கீழ்த்தாடை சிறுத்து உள்ளடங்கியிருக்கும். நாக்கு தொண்டைப் பக்கம் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும். பெரும்பாலும் வாயின் மேற்கூரையான அண்ணமும் பிளந்திருக்கும். இந்தப் பிறவிக் குறைபாட்டைத்தான் மருத்துவர்கள் பியர் ராபின் சீக்வென்ஸ் என்கிறார்கள்.

பியர் ராபின் (1867–1950) பிரான்சு நாட்டு வாய், பல் மருத்துவர். நாக்கு பின்சரிந்து குழந்தைகள் மூச்சுத் திணறுவதை 1923இல் விவரித்தார். கிளாசாப்டோசிஸ் என்பது அதன் பெயர். கிரேக்கத்தில் கிளாசா நாக்கு, ப்டோசிஸ் வீழ்ச்சி. தமிழில் நாப்பின்சரிவு எனலாம். தாடை சிறுத்திருப்பதன் பெயர் மைக்ரோநேத்தியா, தமிழில் சிறுதாடை.

முன்பு இதைச் சிண்ட்ரோம், அதாவது நோய்த்தொகை என்றே அழைத்தார்கள். ஆனால் இங்கே குறைகள் தனித்தனியே வந்து கூடுவதில்லை. கருவில் தாடை வளராததால் நாக்கு இடம் போதாமல் மேலெழும்பி நிற்கிறது. இருபுறமிருந்தும் வந்து இணைய வேண்டிய அண்ணத் தகடுகளை அது தடுக்கிறது. அதனால்தான் பிளவு பல குழந்தைகளிடம் ப வடிவில் அகன்றிருக்கிறது. கணக்குப் பாடத்தில் சீக்வென்ஸ் தொடர்வரிசை. ஒன்று மற்றொன்றை விளைவிக்கும் இந்த நிலைக்குத் தொடர்விளைவு என்பதே பொருந்தும்.

அண்ணம் தொல்காப்பியப் பிறப்பியலிலேயே உள்ள சொல். அண்ணப்பிளவை 'அன்னப்பிளவு' என அச்சிடுவதை நிறுத்த வேண்டும். அன்னம் பறவை, சோறு.

சிகிச்சையிலும் மூச்சுதான் முதலில். மருத்துவமனைக் கண்காணிப்பில் குப்புறப் படுக்கவைத்தால் நாக்கு முன்னே வரும். மருத்துவர் சொல்லாமல் வீட்டில் அப்படித் தூங்க வைப்பது ஆபத்து. போதாவிட்டால் மூக்கு வழியே தொண்டைவரை குழாய் செருகுவார்கள். கடுமையான நிலையில் தாடையெலும்பை வெட்டி, நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வீதம் முன்னே நகர்த்தும் அறுவை சிகிச்சையோ, கழுத்தில் மூச்சுத்துளையோ தேவைப்படலாம்.

அடுத்தது பால். அண்ணம் பிளந்த வாயால் உறிஞ்சும் விசையை உண்டாக்க முடியாது. தாய்க்குப் பால் இல்லை என்று பழிப்பது கொடுமை. குழந்தையைச் சற்று நிமிர்த்தியோ பக்கவாட்டில் சாய்த்தோ, மென்மையாக அழுத்தக்கூடிய புட்டியில் தாய்ப்பாலையே புகட்டலாம். குடிக்கும்போது நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். எடை ஏறாவிட்டால் மருத்துவர் மூக்கு வழியே வயிறுவரை செருகும் குழாயில் பால் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

ஸ்டிக்லர் என்னும் மரபணு நோய்த்தொகையின் பகுதியாகவும் இது வரலாம். அதில் கடும் கிட்டப்பார்வையும் விழித்திரை விலகலும் நேரக்கூடும் என்பதால், கண் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.