மீட்டர் சொன்னது 30 நொடி

ஏரிக்கரை அஸ்தமனத்தை லார்ஜ் ஃபார்மட் கேமராவில், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபிலிம் ஷீட் செருகும் பெரிய கேமராவில், முதன்முதலில் எடுத்தபோது ஒளி அளக்கும் மீட்டர் 30 நொடி என்றது. 30 நொடி கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஷீட், அதுவும் 30 நொடி. டெவலப் செய்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வானம் மட்டும் இருந்தது. கரையும் கற்களும் இருக்க வேண்டிய இடத்தில் ஃபிலிம் வெறும் கண்ணாடியாகத் தெரிந்தது. மீட்டரில் பழுது ஒன்றும் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் ஃபிலிம் எப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை. இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் கொண்டுவந்து காட்டும் நெகட்டிவ்களிலும் பெரும்பாலும் இதே கோளாறுதான்.

வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கு என்பது எல்லோரும் படிக்கும் பாடம். பகலில் அது சரி. ஒரு நொடியைத் தாண்டினால் பெரும்பாலான ஃபிலிம் சோர்ந்துவிடும். விழுகிற வெளிச்சம் அத்தனையும் அதில் பதிவாகாது. ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர் என்று சொல்வது இதைத்தான். 1890களின் இறுதியில் நட்சத்திரங்களைப் படமெடுத்து இதை அளந்து ஒரு சூத்திரமாக எழுதியவர் கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட். ஆமாம், கருந்துளைக் கணக்கில் பெயர் வருகிற அதே வானியலாளர்தான்.

இல்ஃபோர்டு தன் ஃபிலிம்களுக்கு எளிய கணக்கு ஒன்று தந்திருக்கிறது. எஃப்பி4 பிளஸ் என்றால், மீட்டர் சொல்லும் நொடியை 1.26 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். செல்பேசி கால்குலேட்டர் போதும். 10 நொடி 18 ஆகும், 30 நொடி 73 ஆகும், 60 நொடி ஏறக்குறைய 3 நிமிடம் ஆகிவிடும். நான் கொடுத்தது தேவையில் பாதிகூட இல்லை. ஃபிலிமுக்கு ஃபிலிம் இது மாறும்: ஃபியூஜியின் அக்ராஸ் 100 இரண்டு நிமிடம் வரை திருத்தமே கேட்காது, வெல்வியா 50 ஒரு நிமிடத்துக்கு முன்பே தகராறு செய்யும். உங்கள் ஃபிலிமுக்கான எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஷீட்டைச் செருகி வைக்கும் சட்டமான ஹோல்டரின் பையில் ஒட்டிவிடுங்கள். இருட்டுகிற நேரத்தில் மனக்கணக்கு வராது.

இத்தோடு முடியவில்லை. அந்த 73 நொடியும் வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் அந்தி வெளிச்சம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சராசரியாகப் பார்த்தால் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும். முதலில் மெதுவாகக் குறையும், அப்புறம் சரசரவென்று இறங்கும். துருவப் பக்கம் போகப் போக நேரம் நீளும். கால் மணி நேரம் முன்னால் எடுத்த அளவை வைத்து ஷட்டரைத் திறந்தால் படம் அங்கேயே போச்சு. ஃபிலிமை மூடியிருக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவுவதற்குச் சற்று முன்பு ஒரு முறை அளக்கிறேன். ஒரு நிமிடத்தைத் தாண்டும் எக்ஸ்போஷர் என்றால் நடுவிலும் மீட்டரை எடுத்துப் பார்த்து, குறைந்ததற்கு ஏற்ப நேரத்தைக் கூட்டுகிறேன். அளப்பது வானத்தை அல்ல, விவரம் தெரிய வேண்டிய இருண்ட கரையை. அந்த அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்துவிட்டு, பிறகுதான் மேலே சொன்ன திருத்தம்.

ஆகவே கடைசி நேரத்துக்கு அளவெடுப்பதைத் தவிர வேறு வேலை மிச்சம் இருக்கக் கூடாது. சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் முன்பே கரைக்குப் போய்விடுவேன். ட்ரைபாட் காலை ஈரமண்ணில் இனி இறங்காது என்கிற வரை அழுத்துவதுதான் முதல் வேலை. ஃப்ரேமை முடிவு செய்த பிறகு கால் புதைந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. தண்ணீருக்குள் ஒரு கால்கூட வேண்டாம், சிற்றலையும் அதை ஆட்டும்.

பிறகு கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் விழும் படத்தைப் பார்க்கக் கறுப்புத் துணிக்குள் தலை. உள்ளே ஏரி மேலே, வானம் கீழே, இடம் வலமாக மாறிக் கிடக்கும். இறங்குகிற சூரியன் அந்தக் கண்ணாடியில் கீழிருந்து மெல்ல ஏறிவந்து தண்ணீர்க் கோட்டைத் தொடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஆனால் சூரிய பிம்பத்தின் மேல் மட்டும் லூப்பை, அதாவது ஃபோகஸ் பார்க்கும் உருப்பெருக்கியை, வைத்துவிடாதீர்கள். லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது அந்தப் பொட்டு கண்ணைக் கெடுக்கும். அதைத் தள்ளி, எதிர்க்கரை மரத்தின் விளிம்பில் ஃபோகஸ் செய்யுங்கள்.

லூப் என்றதும் ஏரிக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்று. காலடிக் கற்களும் எதிர்க்கரையும் சேர்ந்து கூர்மையாக வர, லென்ஸைத் தாங்கும் முன்பக்கச் சட்டமான ஸ்டாண்டர்டைச் சாய்ப்போம். 150 மிமீ லென்ஸ், தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் சுமார் 6 டிகிரி சாய்த்தால் கூர்மைத் தளம் தண்ணீர்மேல் பாயாகப் படுத்துவிடும். கற்களுக்கு அது அருமை. ஆனால் அசையாத தண்ணீரில் தெரியும் மலையின் பிம்பம் தண்ணீர் மேற்பரப்பில் இல்லை. மலை எவ்வளவு தூரமோ, பிம்பமும் ஃபோகஸுக்கு அவ்வளவு தூரம். பக்கத்துத் தண்ணீரில் கூர்மையை வைத்தால் அதிலேயே தெரிகிற மலை மங்கும். ஒரு கூழாங்கல்லையும் அதை ஒட்டித் தெரியும் மலை விளிம்பையும் லூப்பில் மாற்றி மாற்றிப் பாருங்கள், ஒன்று தெளியும்போது மற்றொன்று கலங்கும். கற்கள் முக்கியமா, பிம்பம் முக்கியமா என்று முடிவெடுத்தாக வேண்டும். பிம்பம்தான் படம் என்றால் நான் சாய்ப்பதே இல்லை. தூரத்தில் ஃபோகஸ், லென்ஸ் திறப்பு சிறிதாக எஃப் 32, காலடியில் கற்கள் இல்லாத ஃப்ரேம். இந்த முடிவுக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டிய கண்ணாடியில் இரண்டுமே தெரியாது.

வானப் பகுதியை மட்டும் இருட்டாக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் பற்றி ஒரு வரி போதும்: தண்ணீரில் தெரியும் வானம் இயல்பாகவே அசலைவிடக் கொஞ்சம் இருண்டது, அதனால் அசல் வானத்தை அதைவிட இருட்டாக்கினால் பார்க்கிறவருக்குப் பொய் தெரிந்துவிடும்.

ஹோல்டரைச் செருகுவதற்கு முன் லென்ஸை மூடினோமா, அப்பெர்ச்சரைக் குறைத்தோமா, ஷட்டர் ஏற்றியாயிற்றா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். பக்கத்தில் யாராவது இருந்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காற்று அடித்தால் கேமராவின் நடுவில் மடிப்பு மடிப்பாக இருக்கும் பெல்லோஸ் பாய்மரமாகிவிடும். கேபிள் ரிலீஸைப் பிடித்தபடி, காற்று ஓய்கிற இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஹோல்டரின் மறுபக்கத்தில் இருக்கும் இரண்டாவது ஷீட்டுக்கு இப்போதெல்லாம் இரட்டிப்பு நேரம் கொடுக்கிறேன். வெளிச்சம் இறங்குவதையும் ஃபிலிமின் சோர்வையும் கழித்தால் அது முழு ஒரு ஸ்டாப்கூட வராது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அந்த மிகையைத் தாங்கும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. முதல் ஷீட்டை மட்டும் டெவலப் செய்து, காயவைத்து, கரையையும் வானத்தையும் பார்ப்பேன். வானம் அடர்ந்திருந்தால் இரண்டாவதற்கு டெவலப்பர் நேரத்தைக் குறைப்பேன். அந்த முதல் அஸ்தமனத்தன்று இரண்டு ஷீட்டையும் ஒரே தொட்டியில் ஒன்றாகப் போட்டிருந்தேன்.