மூடிலில் நோட்ஸ் ஏற்றியாயிற்று, பிறகு?

மூடில் என்பது பல்கலைக்கழகங்கள் பாடங்களை நடத்தும் இணையத்தளம். விரிவுரையாளர் பலரின் மூடில் பக்கத்தில் கிழமைக்கொரு பிடிஎஃப் இருக்கும், வேறொன்றும் இராது. போட்டோக்கொப்பிக் கடையில் கிடைத்த நோட்ஸ் இப்போது போனில் கிடைக்கிறது, அவ்வளவுதான். எந்த இடம் பிடிபடவில்லை என்பது மட்டும் பழையபடி விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியவருகிறது. அதை மூன்றாம் கிழமையிலேயே அறிந்துகொள்ள ஐந்து கேள்விக் குயிஸ் ஒன்று போதும்.

குயிஸ் என்றால் புள்ளி போடுவதற்கு என்று எண்ணிவிடுகிறோம். நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே ஒரு படிப்பு. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பந்தியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம் நினைவிருந்தது, திரும்ப வாசித்தவர்களுக்கு 42.

கேள்வியின் உயிர் பிழையான விடைகளில் இருக்கிறது. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கையில் அதன் ஆர்முடுகல் என்ன? ‘பூச்சியம்’ என்பதைத் தெரிவுகளில் கட்டாயம் வையுங்கள். அதைத் தொடுபவர் வேகத்தையும் ஆர்முடுகலையும் ஒன்றாக்கிக்கொண்டவர். யாரும் தொடாத விடையை இடம் நிரப்ப வைத்தால் உங்களுக்கு எதுவும் தெரியவராது. குயிஸ் முடிந்ததும் மூடிலின் புள்ளிவிபர அறிக்கையில் எந்தத் தெரிவை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று பார்த்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். மொத்தப் புள்ளியை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

இனி, நமது மட்டக்களப்புப் பக்கத்துச் சிக்கல். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மாரி. கிரான் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால் படுவான்கரைப் பிள்ளைக்கு வகுப்பும் இல்லை, பல நேரம் கரண்டும் இல்லை. மூடில் ஆப்பில் குயிஸை முன்கூட்டியே இறக்கி, இணையமில்லாமல் செய்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். குயிஸ் அமைப்பில் ஆப் வழியாக ஓஃப்லைனில் செய்ய அனுமதிக்கும் தெரிவை ‘ஆம்’ ஆக்க வேண்டும். பலர் அதைச் செய்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: நேர வரையறை போட்டிருப்பார்கள், அல்லது விடையளித்த உடனே சரி பிழை காட்டும் முறையில் விட்டிருப்பார்கள். இரண்டில் எது இருந்தாலும் ஓஃப்லைன் நடக்காது. நேர வரையறையை எடுத்துவிட்டு, குயிஸை ஒப்படைத்த பிறகே சரி பிழை காட்டும் ‘டிஃபேர்ட் ஃபீட்பேக்’ முறையைத் தெரிவுசெய்யுங்கள். சிக்னல் வந்ததும் ஆப்பில் ‘சின்க்’ கொடுக்க வேண்டும் என்பதை மாணவருக்கு முதல் வகுப்பிலேயே செய்து காட்டுங்கள். சொன்னால் மட்டும் போதாது.

பாமினி என்ற, யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த நோட்ஸ் இன்னொரு தலைவலி. அந்த எழுத்துரு இல்லாத போனில் வேர்ட் கோப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும். பிடிஎஃப் ஆக்கினால் பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது, பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் வாசிப்பு மென்பொருள் உளறும். யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. முழுக் கோப்பையும் ஒரே அடியாகக் கொட்டாதீர்கள்: இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் சமன்பாடுகளும் பொருளற்ற தமிழாகிவிடும். தமிழ்ப் பந்திகளை மட்டும் வெட்டி மாற்றி, அடைப்புக்குறிகளையும் மேற்கோள்குறிகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

உயர்தரத்தில் ஆர்முடுகல், பெறுதி, நொதியம் என்று படித்து வந்த பிள்ளை, ஆங்கிலமூல வகுப்பில் அக்சலரேஷன், டெரிவேட்டிவ், என்சைம் என்று கேட்டுத் திகைக்கிறது. தெரிந்த விடயமே தெரியாததாகிறது. மூடிலில் குளோசரி ஒன்று தொடங்கி, கிழமைக்குப் பத்துச் சொல்லாக ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் இடுங்கள். தன்னியக்க இணைப்பு வடிகட்டியை நிர்வாகி இயக்கியிருந்தால், மூடில் பக்கத்தில் அந்தச் சொல் வருமிடமெல்லாம் தொட்டவுடன் விளக்கம் திறக்கும். பிடிஎஃப்புக்குள் இது நடக்காது. பாடத்தை மூடில் பக்கமாகவே எழுத இன்னொரு காரணம்.

வீடியோ போடுபவர்கள் ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே ஏற்றுகிறார்கள். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு ஆறு நிமிடத்துக்குட்பட்டவையே ஈர்ப்பைத் தக்கவைப்பதாகக் காட்டியது. கணக்கும் அதையே சொல்கிறது: செக்கனுக்கு 300 கிலோபிட் வீடியோ, 64 கிலோபிட் ஒலி என்றால் ஆறு நிமிடம் ஏறக்குறைய 16 மெகாபைட். கார்டு போட்டு டேட்டா வாங்கும் பிள்ளைக்கு இது தாங்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 720பி, செக்கனுக்கு 10 முதல் 15 சட்டகம், ஒலி மோனோ என்று வைத்துப் பாருங்கள். அப்படியும் கோப்பு வீங்கினால் சிலைட் மாறும்போது பறக்கும் அலங்காரங்களும் மூலையில் அசையும் முகமும்தான் காரணம். ஒலியைக் கெடுப்பது ஃபேன். நம்மூர் வெக்கையில் கொடுமைதான், ஆனாலும் ஆறு நிமிடம் நிறுத்திவையுங்கள்.

வகுப்பறைக்குள் எல்லோர் கையிலும் போன் தேவையில்லை. பிளிக்கர்ஸ் என்ற ஆப்பின் அட்டைகளை ஆளுக்கொன்றாக அச்சிட்டுக் கொடுத்தால், அட்டையின் எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார் என்பதைக் கொண்டு யார் எந்த விடை சொல்கிறார் என்பதை உங்கள் ஒரு போனின் கமரா வாசித்துவிடும். லேமினேட் செய்யாதீர்கள், பளபளப்பில் கமரா தடுமாறும். ஹாவர்டில் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த முறை இதற்குப் பொருந்தும்: முதலில் தனியே வாக்கு. சரியான விடை 30 முதல் 70 வீதத்துக்குள் இருந்தால் பக்கத்திலிருப்பவருடன் இரண்டு மூன்று நிமிட வாதம், பிறகு மறுவாக்கு. 30க்குக் கீழே என்றால் நீங்களே திரும்ப விளக்க வேண்டும். தெரியாத இருவர் பேசித் தெளிவடையமாட்டார்கள்.

ஒப்படைத் திகதியிலும் கவனம். ‘டியூ டேட்’ தாண்டினாலும் மூடில் ஏற்கும், பிந்தியது என்று மட்டும் குறிக்கும். கதவை மூடுவது ‘கட் ஓஃப் டேட்’. நள்ளிரவுக்கு வைத்தால் ஏற்றுவதில் சிக்கல் வரும்போது கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். பகல் 12 மணிக்கு வையுங்கள். தனியொருவருக்கு அவகாசம் கொடுக்க ‘யூசர் ஓவர்ரைட்’ உண்டு. ஒரு ஊரே தண்ணீருக்குள் நின்றால், அந்த ஊர்ப் பிள்ளைகளை ஒரு குழுவாக்கி ‘குரூப் ஓவர்ரைட்’ போடலாம்.