முன்கூட்டியே கட்டிய பிறகும் ஆட்டோ டெபிட் ஏன் முழுத் தொகையையும் எடுக்கிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கிரெடிட் கார்டு பில்லை மாதாமாதம் இன்னொரு வங்கியிலுள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து முழுசாகக் கழித்துக்கொள்ள ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறேன். இந்த மாதம் 2,400 வெள்ளி (ரிங்கிட்), திங்கட்கிழமை கெடு. கையில் பணம் இருந்தது, வெள்ளிக்கிழமை 12 மணிக்கு ராகு காலம் கழிந்ததும் 1,500 வெள்ளியை நானே கட்டிவிட்டேன். திங்களன்று 900தானே எடுக்க வேண்டும்? 2,400ஐயும் எடுத்துவிட்டார்கள். என் தங்கைக்கு வேறு வங்கி, அவளிடம் மட்டும் மிச்சத்தைத்தான் எடுக்கிறார்கள். இது எப்படி?"

நல்ல கேள்வி. இதே குழப்பத்தைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "வங்கிக்காரன் இரண்டு தடவை எடுத்துவிட்டான்" என்று கோபப்படுவதோடு பெரும்பாலும் பேச்சு நின்றுவிடுகிறது. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் கோபம் தணிவதோடு, அடுத்த மாதம் பணத்தை எந்த நாளில் கட்டலாம் என்பதும் பிடிபடும்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கார்டுக்கு மாதம் இரண்டு தேதிகள் முக்கியம். ஒன்று பில் போடும் தேதி, அன்றைய பாக்கி பில்லில் உறைந்துவிடுகிறது. மற்றது கெடு தேதி. மலேசியாவில் குறைந்தபட்சக் கட்டணம் பொதுவாகப் பாக்கியில் 5 விழுக்காடு, ஆக 2,400க்கு 120 வெள்ளி. பணம் போவதிலும் இரண்டு வகை உண்டு. டுவிட்நவ் என்ற உடனடிப் பணமாற்றுச் சேவை வழியாக நீங்கள் கட்டும்போது பணத்தைத் தள்ளுகிறீர்கள். ஆட்டோ டெபிட்டில் கார்டு வங்கி உங்கள் கணக்கிலிருந்து இழுக்கிறது. தள்ளும்போது தொகையை நீங்கள் அந்த நொடியில் முடிவு செய்கிறீர்கள். இழுப்பவரோ எவ்வளவு இழுப்பது என்பதை முன்கூட்டியே எழுதி, உங்கள் சேமிப்பு வங்கிக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே தொகை முடிவாகும் நாள் வேறு, பணம் கழியும் நாள் வேறு. வாசகியின் 1,500 வெள்ளி இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவில் போய் விழுந்திருக்கிறது.

அப்படி என்றால் அந்தத் தொகையை நடுவில் திருத்தக் கூடாதா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் வருகிறது: கோப்பு. நேரடிப் பற்று, அதாவது ஆட்டோ டெபிட் போல இழுக்கும் முறை, பெரும்பாலான நாடுகளில் தனித்தனிக் கட்டளைகளாக வளரவில்லை. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் தொகைகளை ஒரே கோப்பில் அடுக்கி, மொத்தமாக அனுப்பும் பழக்கத்தில்தான் வளர்ந்தது. அமெரிக்க வங்கிகள் தங்களுக்குள் பணம் மாற்றப் பயன்படுத்தும் ஏசிஹெச் முறையின் கோப்பு வடிவம் எவரும் படித்துப் பார்க்கக்கூடியது, அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வரியும் மிகச்சரியாக 94 எழுத்து. வரிகள் பத்துப் பத்தாகக் கட்டப்படுகின்றன. 27 வரிதான் இருக்கிறது என்றால் மீதி 3 வரிகளை முழுக்க 9 என்ற இலக்கத்தால் நிரப்பி 30 ஆக்குகிறார்கள். காந்த நாடாவில் தரவைக் கட்டுக் கட்டாக எழுதிப் படித்த காலத்தின் வழக்கம் அது. நாடாக்கள் கணினி அறையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியும் அந்த 9கள் இன்னும் பயணம் செய்துகொண்டிருக்கின்றன.

கோப்பின் தலையில் யார் அனுப்புகிறார், எந்த நாள் என்ற விவரம். நடுவில் ஆளுக்கு ஒரு வரி. வாலில்தான் அழகு இருக்கிறது. மொத்தம் எத்தனை வரி, எல்லாத் தொகைகளின் கூட்டல் எவ்வளவு என்று அங்கே எழுதியிருக்கும். கூடவே இன்னொரு கூட்டலும் உண்டு. ஒவ்வொரு வரியிலும் உள்ள வங்கி அடையாள எண்ணின் முதல் 8 இலக்கங்களை எடுத்து, அவை அத்தனையையும் ஒன்றாகக் கூட்டிப் போடுகிறார்கள். வங்கி எண்களைக் கூட்டினால் வரும் விடைக்கு எந்தப் பொருளும் கிடையாது. அது பணமும் இல்லை, எவருடைய கணக்கும் இல்லை. ஆனாலும் வழியில் அந்த எண்களில் ஒரே ஓர் இலக்கம் சிதைந்திருந்தால் பெறுகிறவரின் கூட்டலும் வாலில் உள்ள கூட்டலும் ஒத்துப்போகாது. பொருளே இல்லாத ஓர் எண்ணை வைத்து, கோப்பிலுள்ள வங்கி எண்கள் பழுதின்றி வந்தனவா என்று சோதித்துவிடலாம். இதை முதலில் யோசித்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மகிழ்ச்சி பொங்குகிறது.

சின்னதாக ஒரு கோப்பு வரைந்து பார்ப்போம். மூன்றே வரிகள்: 2,400.00, 310.50, 86.20. வாலில் 2,796.70. கோப்பு கிளம்பிய பிறகு நம் வாசகியின் வரியை மட்டும் 900.00 என்று மாற்றினால் கூட்டல் 1,296.70 ஆகிவிடும். வாலோ 2,796.70 என்கிறது. பெறுகிற கணினி இதைத் திருத்தமாகப் பார்க்காது, பழுதாகத்தான் பார்க்கும். மற்ற இருவரின் வரிகளில் குற்றமே இல்லாதபோதும் கோப்பு திரும்பி வரக்கூடும். ஒருவருக்காகத் தொகையைக் குறைக்க வேண்டுமானால் கோப்பைத் திரும்பப் பெற்று, வாலை மறுபடி கணக்கிட்டு, புதிதாக அனுப்ப வேண்டும். பட்டர்வொர்த் ஃபெர்ரி துறையை விட்டு நகர்ந்த பிறகு ஓடி வருகிறவருக்காக அது திரும்பி வருவதில்லை, அப்படித்தான் இதுவும். கோப்பு வடிவம் நாட்டுக்கு நாடு மாறும். தலை, உடல், வால் என்ற அமைப்பு பெரும்பாலும் மாறாது.

எத்தனை நாள் முன்னால் கிளம்பும்? பிரிட்டனில் நேரடிப் பற்றை நடத்தும் பாக்ஸ் முறையில் மூன்று வேலை நாள் சுற்று. முதல் நாள் கோப்பு போகிறது, இரண்டாம் நாள் பிரித்து வங்கிகளுக்கு அனுப்பப்படுகிறது, மூன்றாம் நாள் ஒரு கணக்கில் கழிந்து மற்றதில் ஏறுகிறது. திங்கட்கிழமைக் கெடுவுக்கு அந்தக் கணக்கில் வியாழக்கிழமையே கோப்பு போயிருக்க வேண்டும், சனியும் ஞாயிறும் கணக்கில் வராது. இங்கே மலேசியாவில் நேரடிப் பற்றை நடத்துவது 2017இல் இரு நிறுவனங்கள் இணைந்து உருவான பேநெட். கார்டு வங்கி எந்த நாளில் தொகையை மூடுகிறது என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும்.

"இப்போதுதான் பணம் நொடியில் போகிறதே, இன்னும் ஏன் கோப்பு?" என்று கேட்கலாம். வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் 1,500 வந்தது கார்டு வங்கியின் கணினிக்குத் தெரியும். சேமிப்பு வங்கியின் கணினிக்குத் தெரிந்தது, 2,400 எடு என்று வந்த கட்டளை மட்டும். இடையில் வேறு செய்தி எதுவும் போகவில்லை. 1978இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிவியலாளர் இதை அடியோடு அலசினார். தனித்தனிக் கணினிகளில் நடக்கும் இரு நிகழ்வுகளில் எது முந்தியது என்பதை, அவற்றுக்கிடையே சென்ற செய்திகளை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், சுவர்க் கடிகாரத்தை நம்ப முடியாது என்று காட்டினார். கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது, 2013ஆம் ஆண்டுக்கானது, அவருக்குக் கிடைத்தது. எந்தச் செய்தி எதற்கு முந்தியது என்ற சண்டையே வராமலிருக்க வங்கிகள் கண்டுபிடித்த வழிதான் 'கட்-ஆஃப்' நேரம்: இதற்கு முன் வந்தது இந்தச் சுற்றில், பின் வந்தது அடுத்த சுற்றில்.

தங்கையின் கதைக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. அவருடைய கார்டும் சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் கோப்பு வெளியே போகவே வேண்டாம், கெடுநாளில் பாக்கியைப் பார்த்து அப்போதே கணக்கிட்டுவிடலாம். அல்லது, பில்லுக்குப் பிறகு வந்த பணத்தைக் கழித்துவிட்டுக் கோப்பை மூடும்படி அந்த வங்கி தன் முறையை அமைத்திருக்கலாம், தங்கையும் கோப்பு மூடுவதற்கு முன்பே கட்டியிருக்கலாம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஆட்டோ டெபிட்டில் போட்டிருப்பவர்களுக்கும் இதே பிரிவுதான். 1,500 கட்டியதால் 120 நிறைவேறிவிட்டது என்று ஒரு வங்கி இழுக்காமல் விடும். இன்னொரு வங்கி, கட்டளை கட்டளைதான் என்று 120ஐயும் எடுக்கும்.

ராகு காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் வாசகி அதற்காகக் காத்திருந்தார். சூரிய உதயத்திலிருந்து மறைவு வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, வெள்ளிக்கிழமையில் நான்காம் பகுதியை ராகு காலம் என்கிறார்கள். அது முடிவது சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில். காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்தால்தான் 10.30 முதல் 12 வரை. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஆண்டு முழுவதும் மதியம் 1 மணிக்குப் பிறகே. நம் கடிகாரம் 120 பாகை தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது, நாமோ ஏறத்தாழ 100 பாகையில் இருக்கிறோம். ஆக, அந்தச் சாத்திரத்தின் சொந்தக் கணக்குப்படியே அவர் ராகு காலத்துக்குள்தான் கட்டியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. பணம் கட்டுவதற்கு இப்படி நேரம் பார்ப்பதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பார்க்க வேண்டிய ஒரே நேரம் வங்கியின் கட்-ஆஃப். அதைப் பில்லின் முதல் பக்கத்தில், கெடு தேதிக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட வங்கிகளை நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா கட்டாயப்படுத்த வேண்டும். "ஆட்டோ டெபிட் தொகை 16ஆம் தேதி மூடப்படும்" என்று ஒரே ஒரு வரி. மாதக் கடைசியில் சேமிப்பில் 1,000 வெள்ளி மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வரி பெரிய உதவி. 900 போகும் என்று நம்பியிருக்க 2,400 இழுக்கப்பட்டால் கட்டளை திரும்பும், அதற்கு வங்கி கட்டணம் போடலாம்.

இனி வாசகியின் 1,500 வெள்ளி. அது தொலையவில்லை. கார்டில் வரவாக நிற்கிறது, அடுத்து வாங்கும் சாமான்கள் அதிலிருந்து கழியும். பெரிய தொகையாகத் தோன்றினால், சேமிப்புக் கணக்குக்குத் திருப்பித் தரும்படி வங்கியைக் கேட்கலாம். கார்டில் நிற்கும் வரவுக்குப் பொதுவாக வட்டி கிடையாது என்பதால் கேட்பதே நல்லது. இனிமேல் கூடுதலாகக் கட்ட நினைத்தால் பில் போடும் தேதிக்கு முன் கட்டுங்கள். அப்போது பில் தொகையே குறைந்து வரும், கோப்பும் குறைந்த தொகையோடு கிளம்பும். பில் வந்த பிறகுதான் பணம் கைக்கு வருகிறது என்றால், வாடிக்கையாளர் சேவையை அழைத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஆட்டோ டெபிட் தொகையை எந்த நாளில் மூடுகிறீர்கள், அதற்கு முன் நான் கட்டினால் தொகை குறையுமா. எதிர்முனையில் இருப்பவர் "கெடு தேதிக்குள் கட்டினால் போதும்" என்று பதில் சொன்னால், அவருக்குக் கேள்வி புரியவில்லை. மறுபடி கேளுங்கள்.