பி.ஆர். காட் குடியுரிமை இல்லை: கனடாவில் தண்டனை பெற்ற அகதிப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டியவை

மூன்று வயதில் தாயின் இடுப்பில் இருந்தபடி ரொறன்ரோவில் வந்து இறங்கியவர். பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் எல்லாம் ஸ்காபரோவில்தான். முப்பது வயதில் ஒரு வழக்கில் சிறை போனார். தண்டனை முடிகிற நாளில் வீட்டார் மாற்றுடுப்போடு சிறை வாசலில் காத்து நின்றார்கள். ஆள் வெளியே வரவில்லை. நாடுகடத்தலைப் பார்க்கிற எல்லைச் சேவை அதிகாரிகள் உள்ளேயே பொறுப்பெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "சிலோனுக்கு அனுப்பப் போறாங்களாம். அங்க இவனுக்கு ஆர் இருக்கினம்?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். மொழிபெயர்க்கப் போன இடங்களில் இந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது ஒரு வருடமாவது பிந்தித்தான் வருகிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, "பாரிய குற்றம்" செய்த நிரந்தர வதிவிடவாசியைக் கனடா நாடுகடத்தலாம். எத்தனை வயதில் வந்தார், எந்த மொழியில் கனவு காண்கிறார் என்றெல்லாம் அந்தப் பிரிவு கேட்பதில்லை. குடியுரிமை எடுத்தவருக்கு அது பொருந்தாது, பி.ஆர். காட் (நிரந்தர வதிவிட அட்டை) வைத்திருப்பவருக்குப் பொருந்தும். இருபத்தைந்து வருடமாக அந்தக் காட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாலும் அது பி.ஆர். காட்தான்.

முதல் பொறி, "பாரிய" என்ற சொல். உங்களுக்குக் கிடைத்த தண்டனை எவ்வளவு என்பதை வைத்து மட்டும் அதை அளப்பதில்லை. அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் எழுதியிருக்கிற உச்ச தண்டனை பத்து வருடம் அல்லது அதற்கு மேல் என்றாலே போதும். அபராதத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாலும் மாட்டுவீர்கள். மதுபோதையில் வாகனம் ஓட்டுவது நல்ல உதாரணம். 2018 டிசம்பர் 18 முதல் அதன் உச்ச தண்டனை ஐந்து வருடத்திலிருந்து பத்தாக உயர்ந்தது. அதற்குப் பிறகு முதல் தடவை பிடிபட்டு, அபராதம் கட்டி, விஷயம் முடிந்தது என்று இருப்பவரும் சட்டத்தின் கண்ணில் பாரிய குற்றவாளிதான். சண்டையில் போத்தலை எடுத்து அடித்தால் அது ஆயுதத்தோடு தாக்கியது, அதற்கும் உச்சம் பத்து வருடம். 5,000 டொலருக்கு மேற்பட்ட திருட்டும் அப்படியே. "சின்ன வழக்காகத்தான் நடத்துகிறார்கள்" என்று நீதிமன்றத்தில் யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு குற்றத்தைச் சிறிய முறையிலும் பெரிய முறையிலும் நடத்தலாம் என்று இருந்தால், குடிவரவுச் சட்டம் அதைப் பெரியதாகவே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது பொறி ஆறு மாதம். இதைத்தான் எல்லோருடைய தலையிலும் ஏற்ற விரும்புகிறேன். நாடுகடத்தல் உத்தரவு வந்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போய், "சிறுவயதில் வந்தேன், பிள்ளைகள் இங்கே, திருந்தியிருக்கிறேன்" என்று மனிதாபிமானக் காரணங்களைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை என்றால் அந்த வழி அடைபட்டுவிடும். 2013 வரை இந்த எல்லை இரண்டு வருடமாக இருந்தது, அந்த வருடம்தான் ஆறு மாதமாகக் குறைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தால் முறையிடலாம், சரியாக ஆறு மாதம் என்றால் முடியாது. ஒருவருடைய மிச்ச வாழ்க்கை ஒரு நாளில் தொங்குவது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

பிணை கிடைக்காமல் உள்ளே இருந்த நாட்களும் இதில் சேரலாம். நீதிபதி அந்த நாட்களைத் தண்டனையின் பகுதியாகக் கணக்கெடுத்தால் குடிவரவு அதிகாரியும் எடுப்பார். "இருந்தது போதும், இன்றைக்கே வீட்டுக்குப் போ" என்று சொன்ன தீர்ப்பு கடதாசியில் ஆறு மாதத்தைத் தாண்டியிருக்கக்கூடும்.

ஆகவே நாடுகடத்தல் தொடங்கும் இடம் குற்றவியல் நீதிமன்றம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் கெதியாக முடியும் என்று சொல்லும்போது பையன் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் தலையாட்டிவிடுகிறான். அவன் குடியுரிமை உள்ளவனா என்று சட்டத்தரணி கேட்பதே இல்லை. கனடாவில் வளர்ந்தவன் போலக் கதைக்கிறவனை யார் சந்தேகிக்கப் போகிறார்கள்? நீங்களாகவே வாயைத் திறந்து சொல்லுங்கள்: "நான் சிற்றிசன் இல்லை. ஒப்புக்கொள்ள முதல் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்க வேண்டும்." தண்டனை தீர்மானிக்கும்போது குடிவரவு விளைவையும் நீதிபதி கருத்தில் எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. யாராவது அதை எடுத்துச் சொன்னால்தானே நீதிபதி பார்ப்பார்?

ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்றா? கொஞ்சம் இடம் இருக்கிறது. விளைவு தெரியாமல் ஒப்புக்கொண்டதை மீளப்பெறக் கேட்கலாம். ஆனால் 2018இல் உச்ச நீதிமன்றம் வைத்த நிபந்தனைப்படி, "தெரியாது" என்று சொல்வது போதாது. தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன் என்று சத்தியக் கடதாசியில் காட்ட வேண்டும். தண்டனையைச் சில நாட்கள் குறைக்கச் சொல்லியும் முறையிடலாம். இரண்டுக்கும் காலக்கெடு உண்டு, ஒத்திப்போடாதீர்கள்.

அடுத்ததைப் பல குடும்பங்கள் நம்பவே மறுக்கின்றன. "நாங்கள் அகதிகள், எங்களைத் திருப்பி அனுப்ப ஏலாது." அகதியாக ஏற்கப்பட்டவரை, "பொதுமக்களுக்கு ஆபத்தானவர்" என்று அமைச்சரின் தரப்பு தனியாக முடிவெடுக்காமல் திருப்பி அனுப்ப முடியாது என்பது உண்மைதான். கேள்வி, அகதியாக ஏற்கப்பட்டவர் யார் என்பது. அப்பா முதலில் வந்து, வழக்கு வென்று, நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் மனைவி பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டிருந்தால், பாதுகாப்பு அப்பாவுக்கு மட்டும்தான். பிள்ளை அவரைச் சார்ந்து வந்தவர், அவ்வளவுதான். ஒரே குண்டுக்கு ஓடிய குடும்பம், கோப்பில் இரண்டு சாதி. பழைய கடதாசிகளைத் தோண்டி யாருடைய பெயரில் என்ன தீர்ப்பு வந்தது என்று இன்றே பாருங்கள். காணவில்லை என்றால் உங்கள் கோப்பின் பிரதியை அரசாங்கத்திடம் எழுதிக் கேட்டு எடுக்கலாம். நாள் எடுக்கும்.

சரி, எல்லைச் சேவையிலிருந்து கடிதம் வருகிறது. அதே குடிவரவுச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ், நாடுகடத்தலுக்காக உங்களைப் பற்றி அறிக்கை எழுத யோசிக்கிறோம், சொல்ல ஏதும் இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று இருக்கும். தருகிற அவகாசம் சில வாரங்கள்தான். சாதாரணக் கடிதம் போலத் தெரிவதால் மேசையில் கிடந்துவிடுகிறது, அல்லது பழைய விலாசத்துக்குப் போய்விடுகிறது. குடிவரவுத் திணைக்களத்தில் விலாசம் மாற்றினால் எல்லைச் சேவைக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள், இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். தொலைபேசியில் கேட்டால் அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள், இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள். எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்திருங்கள்.

தண்டனை ஆறு மாதத்தைத் தொட்டவருக்கு அந்தக் கடிதம்தான் உண்மையான விசாரணை. அதற்குப் பிறகு வரும் குடிவரவுப் பிரிவின் விசாரணையில் தீர்ப்புச் சொல்லும் உறுப்பினர் பார்ப்பது இரண்டே விஷயம்: இவர் குடியுரிமை இல்லாதவரா, தண்டனை உண்மையா. அங்கே அழுது பயனில்லை, அழுகையைக் கணக்கெடுக்க அவருக்கு அதிகாரமே இல்லை. வந்த வயது, பள்ளி அறிக்கைகள், வேலை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், சிகிச்சைக்குப் போன பதிவு, அந்த நாட்டில் ஒருவரும் இல்லை என்பதற்கான ஆதாரம் எல்லாவற்றையும் கடிதத்துக்கான பதிலோடே கட்டி அனுப்புங்கள். சிறைக்குள் அதிகாரி வந்து "சும்மா கதைப்போம்" என்றால், சொல்வதெல்லாம் எழுதப்படும் என்பது நினைவிருக்கட்டும்.

மேன்முறையீடு இருப்பவர்கள் உத்தரவு கிடைத்து 30 நாட்களுக்குள் போட வேண்டும். அங்கே பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடியது, நாடுகடத்தலை நிபந்தனையோடு ஒத்திவைப்பது. அந்தக் காலத்தில் இன்னொரு பாரிய குற்றத்தில் தண்டனை வந்தால் ஒத்திவைப்பு தானாகவே விழுந்துவிடும். மதுபோதையில் வண்டி ஓட்டுவதும் பாரிய குற்றம் என்று மேலே சொன்னதை மறக்காதீர்கள்.

தமிழ்நாட்டு முகாமில் பிறந்து வந்தவர்களின் கதை இன்னும் மோசம். இந்தியா அவர்களில் பெரும்பாலானோரைத் தன் பிரஜை என்று சொல்லாது. இலங்கையில் பிறப்பைப் பதியவில்லை என்றால் அங்கேயும் பெயர் இருக்காது. எந்தத் தூதரகம் பயணப் பத்திரம் தரும் என்று இழுபடுகிற காலமெல்லாம் ஆள் தடுப்பில் இருக்கலாம். 48 மணி நேரத்தில், பிறகு ஏழு நாளில், அதன் பிறகு 30 நாளுக்கு ஒரு தடவை தடுப்பைப் பரிசீலிப்பார்கள். மொத்தம் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லை கிடையாது.

பிள்ளைகளுக்குக் குடியுரிமை எடுப்பது இவ்வளவுக்கும் முந்திய வேலை. 18 வயதுக்குக் கீழே என்றால் கட்டணம் 100 டொலர். 2017இலிருந்து பெற்றோர் சிற்றிசன் ஆகாவிட்டாலும் பிள்ளைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். பாரிய குற்றச்சாட்டு ஒன்று பதிவானால், வழக்கு முடியும் வரை குடியுரிமை கிடைக்காது. தண்டனை வந்தால் நான்கு வருடம் கிடைக்காது. அரசாங்கமே வளர்த்த பிள்ளைக்கும் இது நடந்திருக்கிறது: சோமாலியக் குடும்பத்தில் பிறந்து, ஆறு வயதில் அகதியாக வந்து, நோவா ஸ்கோஷியாவில் அரச பராமரிப்பில் வளர்ந்த ஒருவருக்கு யாரும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. பிறகு தான் ஒருநாளும் வாழ்ந்திராத சோமாலியாவுக்கு நாடுகடத்தப் பார்த்தார்கள். நீதிமன்றத்தில் தோற்ற பிறகே, 2018இல், அரசாங்கம் கைவிட்டது.

அந்த அம்மாவிடம் வீட்டில் வேறு யார் பி.ஆர். காட்டோடு இருக்கிறார்கள் என்று கேட்டேன். இளையவள், இருபத்தேழு வயது, ஒரு வழக்கும் இல்லை. வளர்ந்தவர்களுக்குக் கட்டணம் 600 டொலருக்கு மேல் என்பதால் வருடா வருடம் தள்ளிப்போட்டு வந்திருக்கிறார்கள். அவளுடைய விண்ணப்பத்தை அன்றைக்கே குசினி மேசையில் இருந்து நிரப்பினோம்.