கேமராவுக்கு வெள்ளை வேட்டியும் சாம்பல்தான்

புதுக் கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே பலருக்கு ஒரு சந்தேகம் கிளம்பிவிடும். இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியதைவிடச் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியே நல்ல படம் எடுக்கிறதே! மலேசியாவில் எங்கள் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் யாராவது கேமரா வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தால் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டவர்களும் உண்டு.

ஏமாற்றவில்லை. இன்றைய கைப்பேசியில் ஒரு தடவை தட்டினால் அது ஒரு படத்தோடு நிற்பதில்லை. கண்மூடித் திறப்பதற்குள் பல படங்களை எடுத்து, வானத்தை ஒன்றிலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் பொறுக்கி, ஒட்டி, வண்ணம் கூட்டிக் கையில் கொடுக்கிறது. கேமரா பெரும்பாலும் அந்த வேலைக்கெல்லாம் போவதில்லை. ஒரு தடவை திறக்கும், மூடும், அவ்வளவுதான். எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்ற முடிவை உங்களிடம் விட்டுவிடும். நீங்கள் முடிவெடுக்காவிட்டால் அதுவாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது, எங்கே தப்பாகும் என்று பிடிபட்டுவிட்டால் பாதிக் கேமரா கைக்கு வந்த மாதிரி. மெனுவில் இருக்கும் மீதி நூறு சமாசாரங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார். இந்தப் பக்கம் இப்போது எங்கே திரும்பினாலும் செம்பனைதான் என்றாலும், பால்மரம் வெட்டிய குடும்பங்களில் இதைச் சொன்னால் சட்டென்று புரிந்துவிடும். சென்சார் என்பது வரிசை வரிசையாக மங்கு, அதாவது ரப்பர் பால் ஒழுகி விழும் கிண்ணம், மாட்டிய ஒரு தோட்டம். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 2 கோடியே 40 லட்சம் மங்குகள், பிக்சலுக்கு ஒரு மங்கு. சென்சாருக்கு ஒளியைத் திறந்து மூடும் கதவான ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க ஒவ்வொரு மங்கிலும் ஒளி விழும்; விழுந்த ஒளி சிலிக்கானில் எலக்ட்ரான்களை விடுவிக்கும்; அவை அங்கேயே சேரும். ஷட்டர் மூடியதும் பால் நிறுக்கிற மாதிரி, எந்த மங்கில் எவ்வளவு என்று அளந்து ஓர் எண்ணாக எழுதிக்கொள்ளும். படம் என்று நாம் பார்ப்பது அந்த எண்களின் பட்டியலைத்தான்.

இதிலிருந்தே இரண்டு விஷயம் விளங்கிவிடும். மங்கு நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வருவது வழிந்து மண்ணுக்குத்தான் போகும். படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை. மேகம் இருந்ததா, வேட்டியில் மடிப்பு இருந்ததா என்ற விவரம் எங்கும் பதிவாகவில்லை. கணினியில் எவ்வளவு தேய்த்தாலும் வராது. மறுபக்கம், மங்கில் ரொம்பக் கொஞ்சமாக விழுந்தால் வேறு தொல்லை. ஒளி ஒரே சீராக ஒழுகுவதில்லை. துகள் துகளாக, முன்னே பின்னே வந்து விழும். சராசரியாக 10,000 துகள் விழ வேண்டிய இடத்தில் 100 கூடக் குறைய இருக்கும். அது வெறும் 1 விழுக்காடு, கண்ணுக்குத் தெரியாது. சராசரி 100 மட்டுமே என்றால் ஏற்ற இறக்கம் 10. இது 10 விழுக்காடு! பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஆளுக்கொரு அளவு சொல்லும், இருட்டில் எடுத்த படம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். மலிவான கேமராவின் கோளாறு என்று பலரும் இதைத் திட்டுகிறார்கள். பெரும்பகுதி ஒளியின் சுபாவம் அது.

ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணை இங்கேயே பேசி முடித்துவிடலாம். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் கேமராவுக்குக் கண் கூர்மையாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி இல்லை. சேர்ந்ததை அளக்கும்போது பெருக்கிக் காட்டுவதுதான் அது. 100இலிருந்து 3200க்குத் தூக்கினாலும் மங்கில் ஒரு சொட்டுகூடக் கூடுவதில்லை. இருக்கிற கொஞ்சத்தோடு அந்த மணலும் சேர்ந்து பெரிதாகிறது. ஆனாலும் ஆடிப்போன படத்தைவிட மணல் விழுந்த படம் எவ்வளவோ மேல், ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டப் பயப்படாதீர்கள்.

சாதாரண நடுத்தரக் கேமராவின் சென்சார் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டருக்கு 15.6 மில்லிமீட்டர். கைப்பேசியில் இருப்பதைவிடப் பரப்பில் பல மடங்கு பெரியது. கொடுத்த காசு அங்கேதான் போயிருக்கிறது. 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் மொத்தமே 10,000 பிக்சல்தான், எடை 3.6 கிலோ, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் எழுத அதற்கு 23 நொடி பிடித்தது. அடிப்படை வேலை அன்றைக்கும் இதுதான்: ஒளியைச் சேர், அள, எழுது.

இனி அந்தக் கணக்கு. கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கிறது. எதிரில் இருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று அதற்குத் தெரியும். எதன் மேல் பட்டு வருகிறது என்று தெரியாது. வெயிலில் கிடக்கும் கரியிலிருந்தும் நிழலில் கிடக்கும் சுண்ணாம்பிலிருந்தும் ஒரே அளவு ஒளி வரலாம். எது கரி, எது சுண்ணாம்பு? மீட்டர் குழப்பத்தை ஒரேயடியாகத் தீர்த்துக்கொள்கிறது: உலகத்தைச் சராசரியாக எடுத்துக்கொண்டால் அது நடுத்தரச் சாம்பல், விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவது. அவ்வளவுதான் அதன் உலக ஞானம். எதைக் காட்டினாலும் சராசரியை அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கும். செடி, மண், சட்டை எல்லாம் கலந்து இருக்கும் இடத்தில் இந்த ஊகம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாக வரும். ஒரே நிறம் படத்தை அடைத்துக்கொண்டால் கவிழ்ந்துவிடும்.

கோயில் திருவிழாவில் அக்கா மகன் எடுத்த படம் நல்ல உதாரணம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மதில், அதன் முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நல்ல வெயில். படத்தில் மதிலும் மங்கல், வேட்டியும் மங்கல், முகங்கள் கருகிக் கிடக்கின்றன.

“மாமா, எல்லார் வேட்டியும் துவைக்காத மாதிரி தெரியுதே?”

“கேமரா அதைச் சாம்பலாக்கிட்டுது. கூட்டல் குறி போட்ட பொத்தான் இருக்கா? ஒன்றரை வரைக்கும் ஏத்தி எடு.”

எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று கையேட்டில் போட்டிருக்கும் அந்தக் கூட்டல் கழித்தல் பொத்தான்தான், என்னைக் கேட்டால், கேமராவிலேயே முக்கியமான பொத்தான். கூட்டல் 1 என்றால் இரட்டிப்பு ஒளி, கழித்தல் 1 என்றால் பாதி. நல்ல வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். சாம்பலைவிட நான்கு மடங்குக்கும் கூடுதல். அதனால்தான் வெள்ளை நிறைந்த காட்சிக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை கூட்ட வேண்டியிருக்கிறது. பளிச்சென்று இருப்பதற்கு மேலும் ஒளியைக் கூட்டுவதா என்று கை தயங்கும். தயங்காமல் கூட்டுங்கள்.

இரவில் கதை தலைகீழ். தோட்டத்துச் சாலையோரம் மரத்தடியில் முனீஸ்வரன் சிலை, முன்னால் ஒரு அகல், சுற்றிலும் கும்மிருட்டு. கேமராவுக்கு இருட்டு பிடிக்காது. அதையும் சாம்பலாக்க ஒளியைக் கண்டபடி உள்ளே விடும். இரவு அழுக்குப் பிடித்த பகல்போல் ஆகும், விளக்குச் சுடர் வழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகும். அங்கே கழித்தல் ஒன்றரை, இரண்டு.

முகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிய கேமராக்கள் முகத்தை அடையாளம் கண்டு அதற்கேற்ப அளக்கின்றன. முன்பைவிட இப்போது நிலைமை நல்லது. ஆனால் நமது கறுத்த தோல் அந்த 18 விழுக்காட்டுச் சாம்பலைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்புகிறது. முகத்தை மட்டும் புள்ளியாக அளக்கச் சொன்னால் கேமரா அதையும் சாம்பலுக்குத் தூக்கிவிடும். மாநிறம் வெளிறிப் போகும். நம்மவர்களில் சிலருக்கு அப்படி எடுத்தால்தான் பிடிக்கிறது, அது வேறு கதை. ஆளின் உண்மையான நிறம் வர வேண்டுமென்றால் அரையோ ஒன்றோ கழியுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பின்திரையைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. நம் ஊர் மத்தியான வெயிலில் அந்தத் திரை எப்போதும் இருட்டாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராம் என்ற மலை வரைபடத்தைத் திரையில் வரவழையுங்கள். இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் வெள்ளை. எந்த அளவில் எத்தனை பிக்சல் என்பதை மலையின் உயரம் காட்டும். வலது ஓரச் சுவரில் மலை முட்டிக்கொண்டு நின்றால் மங்குகள் வழிந்துவிட்டன.

ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் அபெர்ச்சர், ஷட்டர் என்று இரண்டு வழிதான். அபெர்ச்சர் என்பது லென்ஸின் துளை. அதன் எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. கேமராவோடு இனாமாக வரும் 18–55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸில் ஒரு சங்கதி இருக்கிறது. 18இல் அது எஃப் 3.5 வரை திறக்கும். 55க்கு இழுத்தால் 5.6 வரைதான். பெரிதாக்கிய மாத்திரத்தில் உள்ளே வரும் ஒளி பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மண்டபத்துக்குள் கல்யாணப் படம் ஆடிப்போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். விலை மலிவான 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கிப் போட்டால், 5.6ஐவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி. இரண்டாவது கேமராவுக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதை வாங்கிப் பார்க்கட்டும். பெரிய துளையில் கவனம் குவிந்த இடத்துக்கு முன்னும் பின்னும் மங்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஷட்டருக்கு உறுமி மேளத்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது. 1/500 நொடியில் எடுங்கள்: குச்சி அந்தரத்தில் நிற்கும், அடிப்பவரின் நெற்றி வேர்வையும் தெரியும். 1/30இல் எடுங்கள்: ஆள் நிற்பார், கையும் குச்சியும் கரைந்து விசிறிபோல் விரியும். இரண்டில் எது நல்ல படம் என்பதில் எங்கள் வீட்டிலேயே சண்டை உண்டு. எனக்கு இரண்டாவது. அப்புறம், மண்டபத்துக் குழல் விளக்குக்குக் கீழே எடுக்கும்போது ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வந்தால் கேமரா கெட்டுவிட்டதென்று தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். மலேசிய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பழைய குழல் விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு வேகமான ஷட்டருக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் முழுத் துடிப்பும் உள்ளே வந்து, படங்கள் ஒன்றுபோல் அமையும்.

வண்ணத்திலும் கேமராவுக்கு அதே சாம்பல் புத்திதான். பிக்சலுக்கு நிறம் தெரியாது. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு வடிகட்டி ஒட்டியிருக்கிறது. கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம், ஏனென்றால் வெளிச்சத்தின் நுணுக்கத்தை நம் கண் பச்சையில்தான் அதிகம் பிடிக்கிறது. ஒவ்வொரு பிக்சலிலும் விடுபட்ட இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கேமரா ஊகித்து நிரப்பும். அதற்கு மேல், வெளிச்சம் எந்த நிறம் என்பதையும் ஊகிக்க வேண்டும். அதற்கான பழைய சூத்திரம்: காட்சியின் எல்லா நிறத்தையும் கலந்தால் சாம்பல் வர வேண்டும். இன்றைய கேமராக்கள் இன்னும் சாமர்த்தியமாக யோசித்தாலும் இந்தச் சாயல் போகவில்லை. செம்பனைக் காட்டுக்குள் ஆளை நிறுத்தினால் மேலே ஓலை, கீழே புல், எல்லாம் பச்சை. ஓலை வழியாக இறங்கும் ஒளியே பச்சை. கேமரா பச்சையை அடக்கப் பார்த்து, ஒரு படத்தில் முகத்தை ரோஜா நிறமாக்கும், அடுத்ததில் பச்சையாகவே விட்டுவிடும். ஆளின் கையில் வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸில் அதை அளந்துவிடுங்கள். இதுதான் வெள்ளை என்று நீங்கள் சொல்லிவிட்ட பிறகு அது ஊகிக்காது.

கோலா சிலாங்கூர் பக்கத்துக் கம்போங் குவாந்தானில் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மினுக்கும் மின்மினிகளைப் படம் எடுக்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃபிளாஷ் கூடாது என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். இணையைத் தேடித்தான் அவை மினுக்குகின்றன. நம் வெளிச்சம் அதைக் குலைக்கும். போட்டாலும் பயனில்லை: தூரம் இரட்டித்தால் ஃபிளாஷ் ஒளி நாலில் ஒன்றாகிவிடும், எட்டிய கொஞ்சமும் இலைகளைக் காட்டுமே தவிர மின்மினியைக் காட்டாது. அந்தச் சொட்டு வெளிச்சத்தைச் சேர்க்கப் பல நொடி ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அலையில் ஆடும் சம்பானில் அது நடக்காது, ஒவ்வொரு புள்ளியும் கோடாகிவிடும். கரையில் முக்காலி வைத்து முயலலாம். படகில் ஏறினால் கேமராவைப் பையில் போட்டுவிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஈரம். குளிரூட்டி ஓடும் அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்ததும் லென்ஸில் பனி படர்வதற்குக் காரணம், குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர்க் காற்றின் ஈரம் நீராக மாறுவதுதான். துடைக்கத் துடைக்க மறுபடி படரும். வெளியே எடுப்பதற்கு முன் அறைக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, வெளிச்சூடு ஏறும்வரை அரை மணி நேரம் வையுங்கள். நீர் பையின் மேல் படியும். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பது பூஞ்சைக்குச் சோறு போடுவது மாதிரி. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு ஈரமானி. 40 முதல் 50 விழுக்காட்டில் நின்றால் போதும். லென்ஸின் உள்ளே ஏற்கெனவே மெல்லிய வெண்ணிழைகள் தெரிந்தால் துணியால் துடைத்துப் பயனில்லை. பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதுவரை அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.