குழியில் மிஞ்சும் மஞ்சள் துண்டுகள்

"வெடிக்க வைத்தாச்சு, பிறகென்ன?" என்று கேட்பார்கள். இலங்கையின் வடக்கே முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் எங்களுக்கு அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. புகை அடங்கி, காத்திருக்கும் நேரம் முடிந்ததும் குழிக்குள் குனிந்து பார்ப்போம். சில வேளை வெடிமருந்து முழுதாக வெடித்திருக்காது, உடைந்து சிதறியிருக்கும். மண்ணில் வெளிர் மஞ்சளாக, கல்லுப்புப் போலத் துண்டுகள். அதுதான் டிஎன்டி என்ற வெடிமருந்து. வெயில் பட்டால் சிவக்கும். தேடி அழிக்காவிட்டால் மழையோடு நிலத்துக்குள் இறங்கும். ஆர்டிஎக்ஸ் என்ற இன்னொரு வெடிமருந்து இன்னும் மோசம், மண்ணில் அவ்வளவாக ஒட்டாமல் நிலத்தடி நீருக்கே போய்விடும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணற்றை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நாங்கள் எடுப்பது ஒன்றிரண்டாக. இராணுவக் களஞ்சியங்களில் காலாவதியாகிக் கிடப்பதோ தொன் கணக்கில். வைத்திருக்கவும் பயம்: 2016 ஜூனில் கொழும்புக்குக் கிழக்கே கொஸ்கமவில் சாலாவ இராணுவ முகாமின் களஞ்சியம் வெடித்துச் சுற்றுவட்டார வீடுகள் நொறுங்கின. சரி, எரித்துவிடலாமா? அமெரிக்காவின் லூசியானாவில், மின்டன் முகாமில் கைவிடப்பட்ட எம்6 உந்துமருந்து, அதாவது பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் மருந்து, சுமார் 1.5 கோடி இறாத்தல். திறந்தவெளியில் எரிக்கத்தான் முதலில் திட்டம். ஊர்ச்சனம் விடவில்லை. கடைசியில் புகையைச் சுத்திகரிக்கும் மூடிய உலையைக் கொண்டுவந்து, 2017-இல் எரித்து முடித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசிக்க இருந்தவர்கள் கேட்டதில் என்ன பிழை?

எனக்குப் பிடித்தது கம்போடியாக்காரர் செய்தது. கம்பொங் சனாங்கில் பழைய குண்டுகளைத் தூரத்திலிருந்து இயக்கும் வாளால் அறுத்து, உள்ளிருக்கும் மருந்தை உருக்கிச் சிறு கட்டிகளாக வார்த்து, கண்ணிவெடி அகற்றுவோரிடமே கொடுத்தார்கள். மிதிவெடியை அழிக்க எங்களுக்கும் வெடிமருந்துதானே வேண்டும். இதிலும் கழிவு உண்டு. டிஎன்டி கலந்த தண்ணீர் வெயிலில் இளஞ்சிவப்பாகும், அதைக் கரி வடிகட்டியில் விட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். மீன்பிடிக்க மருந்து எடுக்கிறோம் என்று வீட்டில் ஷெல்லை அறுப்பவர்கள் இதைப் படித்துத் துணிய வேண்டாம். அங்கே வாள் ஓடும்போது பக்கத்தில் ஆளே நிற்பதில்லை.

மிஞ்சும் இரும்பு உருக்காலைக்குப் போகலாம். ஆனால் ஒவ்வொரு குண்டின் வெறுங்கோதையும் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பொறுப்பானவர் கையெழுத்து வைத்த பிறகுதான். ஒருமுறை ஒரு பெரியவர் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கச் சைக்கிள் கரியரில் ஷெல் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். "உள்ள ஒண்டும் இல்லைத் தம்பி, தட்டிப் பாத்தனான்" என்றார். துருவுக்கு நடுவே அதன் பியூஸ், குண்டை வெடிக்க வைக்கும் பகுதி, அப்படியே இருந்தது. "ஐயா, சைக்கிளை மெல்லச் சாத்திப்போட்டு இஞ்சால வாங்கோ" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.